நெ என்றால் என்ன? இஸ்தான்புல்லிலிருந்து தெசலோனிக்கி வரை

அக்டோபர் 20, இஸ்தான்புல்

இந்தத் தடவை திட்டம் ரொம்ப எளிது. துருக்கியின் இஸ்தான்புல், பல்கேரியாவின் பிளவ்டிவ், சோஃபியா, கிரீஸின் தெசலோனிக்கி, நடுவில் விமானமே கிடையாது, எல்லாம் ரயிலும் பஸ்ஸும்தான். கூட வருவது சித்தி. மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், சுத்த சைவம், வாயை மூடிக்கொண்டு ஊர் பார்ப்பது அவருக்கு ஒத்துவராது. விசா பற்றி எப்படியும் கேட்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருந்தால் இந்தியர்கள் துருக்கிக்கு இ-விசா எடுத்துக்கொள்ளலாம், பல்கேரியாவும் கிரீஸும் அதே ஷெங்கனில் அடங்கிவிடும்.

எமினோனுவிலிருந்து கடிகோய் போகும் படகில் உட்கார்ந்து ஊர்ப்பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தால் ஒரு சின்ன ஓசை திரும்பத் திரும்ப வருகிறது. நெ. குறில்தான், நெடில் இல்லை. பின் பெஞ்சில் ஒரு பையன் போனில் "நெ? நெ?" என்று கத்துகிறான், டீ விற்பவரிடம் ஒருவர் "நெ கதார்?" என்கிறார். துருக்கியில் நெ என்றால் என்ன. அதாவது அர்த்தமே 'என்ன'தான். நெ கதார் என்றால் எவ்வளவு, நெ ஸமான் என்றால் எப்போது, நெரெதெ என்றால் எங்கே, நெதென் என்றால் எதனால். கேள்விச் சொல் முக்கால்வாசி இந்த நெ-யிலிருந்து கிளைத்ததுதான், எப்படி என்று கேட்கும் 'நாசில்' கூட உள்ளே பிரித்துப் பார்த்தால் நெ.

சித்திக்கு இது போதும். "நம்ம எகர வினாதான்டா இது, எது, எங்கே, எப்போ, எவ்வளவு!" என்று படகிலேயே வகுப்பு ஆரம்பித்துவிட்டார். ஆச்சரியப்படும்போதும் இதே சொல்தான் வருகிறது, 'நெ கூஸெல்' என்றால் 'என்ன அழகு'. இங்கிலீஷைச் சுற்றிக்கொண்டு வராமல் நேராகத் தமிழில் வைத்தால் அப்படியே பொருந்துகிறது. அதற்காகத் தமிழும் துருக்கியும் உறவு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில் இந்த நெ எதிர்மறைக்கும் வேலை செய்கிறது. 'நெ சாய் நெ கஹ்வெ' என்றால் டீயும் இல்லை காபியும் இல்லை. இரட்டையாக வந்தால் மட்டும்.

ராத்திரி பருப்புச் சூப் சாப்பிட ஒரு கடைக்குப் போனோம். மெர்ஜிமெக் சோர்பா. சில கடைகளில் இதைக் கறி வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள் என்பதால் கேட்காமல் சாப்பிட முடியாது. "எத் வார் மி?", கறி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் வாயே திறக்கவில்லை. புருவம் மேலே ஏறியது, தாடை லேசாகத் தூக்கியது, நாக்கு மேல் பல்லில் பட்டு ஒரு 'ட்ஸ்'. இல்லை என்று அர்த்தம். சித்தி கேள்வியே கேட்கவில்லை, கரண்டியை எடுத்துவிட்டார். நம் ஊரிலும் கடையில் சில்லறை கேட்டால் நாக்கால் ஒரு சத்தம் போட்டு இல்லை என்பார்களே.

அக்டோபர் 21, ரயிலில்

ஹல்கலி ஸ்டேஷன் ஊருக்கு ஒதுக்குப்புறம், மர்மரைய் ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போக வேண்டும். சோஃபியா ரயிலில் இரண்டு பேர் படுக்கும் அறை, உள்ளேயே முகம் கழுவச் சின்னத் தொட்டி. அருமையான தூக்கம் வரும், ஆனால் நடுராத்திரியில் துருக்கியின் எல்லை ஸ்டேஷனான கபிகுலேயில் எழுப்பிவிடுவார்கள். எல்லாரும் பாஸ்போர்ட்டோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும், குளிருக்குக் கையில் ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளுங்கள். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அக்டோபர் 22, பிளவ்டிவ்

எல்லையைத் தாண்டியதும் அதே நெ 'இல்லை' ஆகிவிட்டது. பல்கேரிய மொழியில் நெ என்றால் இல்லை, வேண்டாம், மாட்டேன், கூடாது, எல்லாம் அதுவே. நமக்கு நாலைந்து சொல் தேவைப்படும் இடத்தில் அவர்கள் ஒற்றை எழுத்தில் முடித்துக்கொள்கிறார்கள். இந்த நெ துருக்கிக்காரர்களிடமிருந்து வந்தது இல்லை, இது ஸ்லாவிய மொழிகளின் சொந்தச் சொத்து, ரஷ்யாவின் 'ந்யெத்', இந்தியின் 'நஹீன்', சமஸ்கிருதத்தின் 'ந', இங்கிலீஷின் 'நோ' எல்லாம் இதற்குத் தூரத்துப் பங்காளிகள். துருக்கியின் நெ-க்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

சொல்லோடு விட்டால் பரவாயில்லை. பல்கேரியாவில் ஆமாம் என்றால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், இல்லை என்றால் மேலும் கீழும். இதைப் படித்துவிட்டுத்தான் வந்தோம். நேரில் பார்க்கும்போது படித்தது உதவுவதில்லை.

கபானா பகுதியில் சின்னச் சாப்பாட்டுக் கடை. ஐந்தாறு மேஜை, சுவரில் கரும்பலகையில் சாக்பீஸில் எழுதிய பட்டியல், ஒவ்வொரு விலையும் லெவ், யூரோ இரண்டிலும் (லெவ் இந்த ஊர்ப் பழைய நாணயம், 2026 ஜனவரி 1 முதல் இங்கே யூரோதான்). போப் சோர்பா வந்தது, அவரைக்கொட்டைச் சூப். சோர்பா என்ற பெயர் எங்களோடு எல்லை தாண்டி வந்திருக்கிறது பாருங்கள். மண் கிண்ணம், மேலே காய்ந்த புதினாத் தூள், ஓரத்தில் சிவப்பு மிளகாய் எண்ணெய் வளையம் கட்டி நிற்கிறது. சித்தி கிண்ணத்தைக் காட்டி "மெஸோ?" என்றார், கறி என்ற ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பரிமாறிய அம்மா தலையை மேலும் கீழும் ஆட்டி "ந்யாமா, ந்யாமா" என்றார். சித்தி உடனே கிண்ணத்தை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டார்.

ந்யாமா என்றால் இல்லை, கிடையாது. 'கறியெல்லாம் கிடையாதம்மா' என்றுதான் அவர் சொன்னது. சித்தியின் முகத்தைப் பார்த்து அவருக்கே புரிந்துபோய், ஆட்டிக்கொண்டிருந்த தலையைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு, பிறகு தாடையைத் தூக்கி ஒரு 'ட்ஸ்' போட்டார். "ஓ, ட்ஸ்ஸா!" என்று சித்தி கிண்ணத்தை இழுத்துக்கொண்டார். இஸ்தான்புல்லில் கற்ற பாடம். சூப் நன்றாக இருந்தது, உப்புதான் ஒரு கல் கூட.

கென்யா, தான்சானியா பக்கம் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால் இன்னும் சிரிப்பார்கள். சுவாஹிலியில் 'ந்யாமா' என்றாலே இறைச்சிதான். ஒரு சாப்பாட்டு மேஜையில் இதைவிடப் பெரிய குழப்பத்தை யாராலும் திட்டம் போட்டுச் செய்ய முடியாது.

பக்கவாட்டில் ஆட்டும் 'ஆமாம்' இருக்கிறதே, அது சித்திக்கு முதல் நாளிலேயே பழகிவிட்டது. வெள்ளைக்காரர்கள் மறுக்கும்போது வெட்டினாற்போல் ஆட்டுவார்களே, அந்த ஆட்டம் இல்லை இது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை மாதிரி தோளிலிருந்து தோளுக்கு இழையும் ஆட்டம், நாம் 'சரி சரி' என்று ஆட்டுவதற்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. பெர்லின்காரருக்கு வரும் குழப்பம் மதுரைக்காரருக்குப் பாதிதான் வரும். கஷ்டம் எங்கே என்றால், ஓட்டலில் வேலை செய்யும் இளவட்டங்கள் வெளிநாட்டவரைக் கண்டதும் மரியாதைக்காக வெளிநாட்டு முறைக்கு மாறிவிடுகிறார்கள். அப்போது அந்தத் தலை எந்த ஊர்க் கணக்கில் ஆடுகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? நான் கண்டுபிடித்த வழி, தலையைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பது. 'தா' என்றால் ஆமாம், 'நெ' என்றால் இல்லை, மற்றதெல்லாம் உடற்பயிற்சி.

ஊரைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. மலைச்சரிவில் ரோமானியர் கட்டிய அரங்கம் இன்னும் நிகழ்ச்சி நடத்தும் நிலையில் இருக்கிறது, பல நூற்றாண்டு மண்ணுக்கடியில் கிடந்து 1970களில்தான் வெளியே வந்தது. கடைத்தெருவுக்கு அடியில் ரோமானிய விளையாட்டுத் திடல், அதன் ஒரு முனையை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள், மீதியின் மேலேதான் செருப்புக்கடையும் ஐஸ்கிரீம் கடையும் நடக்கின்றன. ஒரு நாள் போதாது.

அக்டோபர் 24, சோஃபியா

பழைய வெந்நீர்க் குளியல் மாளிகைக்குப் பக்கத்தில் வரிசையாகக் குழாய்கள், நிலத்தடி ஊற்று நீர் சுடச்சுட வருகிறது, ஊர்க்காரர்கள் ஐந்து லிட்டர் கேன்களோடு வந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள். அங்கே இங்கிலீஷ் பேசும் ஒரு பெரியவர் கிடைத்தார். தலையாட்டும் முறை ஏன் இப்படி என்று கேட்டேன். உடனே அந்தக் கத்திக் கதை. ஒட்டோமான் துருக்கியர் ஆட்சியில் படைவீரர்கள் கழுத்தில் கத்தி வைத்து மதம் மாறுகிறாயா என்று கேட்டார்களாம், மாறமாட்டேன் என்று கத்தியின் மேலேயே தலையை மேலும் கீழும் ஆட்டி உயிரை விட்டார்களாம், அன்றிலிருந்து அது 'இல்லை' ஆனதாம்.

கதை வீரமாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. தலையை மேலே தூக்கி மறுப்பது துருக்கிக்காரர்களிடமும் இருக்கிறது, இஸ்தான்புல் சூப் கடையில் நாங்களே பார்த்தோம். கிரேக்கர்களிடமும் உண்டு. கத்தி பிடித்தவனும் கத்திக்குக் கழுத்துக் கொடுத்தவனும் ஒரே மாதிரி மறுத்திருக்கிறார்கள் என்றால் அந்தப் பழக்கத்துக்குக் கத்தி காரணமாக இருக்க முடியாது. டெஸ்மண்ட் மோரிஸ் என்ற ஆய்வாளரின் குழு 1970களில் இத்தாலியில் இதைத் தேடிப் போனது. தென் இத்தாலியில் தலையைத் தூக்கினால் இல்லை, வடக்கே போனால் பக்கவாட்டில் ஆட்டினால் இல்லை. இரண்டும் மாறும் கோடு நேப்பிள்ஸுக்குச் சற்று வடக்கே வருகிறது, பழங்காலக் கிரேக்கர்கள் வந்து குடியேறிய பகுதியின் வட எல்லையும் ஏறக்குறைய அதேதான். அதாவது இந்தத் தாடைத் தூக்கல் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக உயிரோடு இருக்கிறது, ஒட்டோமான்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே.

மதியம் தேசிய நூலகத்துக்கு வெளியே சிரில், மெத்தோடியஸ் சிலை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்லாவிய மொழிக்கு முதன்முதலாக எழுத்து உண்டாக்கிய அண்ணன் தம்பி. இன்றைய சிரிலிக் எழுத்து அவர்களுடைய சீடர்கள் காலத்தில் வந்தது, இவர்கள் உண்டாக்கியது கிளாகோலிதிக் என்ற வேறு எழுத்து, பெயர் மட்டும் சிரிலுக்குப் போய்விட்டது. மே 24 இங்கே எழுத்துக்காகவே ஒரு விடுமுறை நாள். சித்தி அரை மணி நேரம் அந்தச் சிலையை விட்டு நகரவில்லை. "எழுத்துக்கு லீவு விடுற ஊருக்கு ஒரு கும்பிடு போட்டுக்கிறேன்டா" என்றார்.

இந்த இரண்டு பேரும் பிறந்த ஊர் தெசலோனிக்கி, நாளை நாங்கள் போகும் ஊர். வீட்டில் கிரேக்கம், தெருவில் ஸ்லாவியம். மெத்தோடியஸின் பழைய வரலாற்று நூலில், தெசலோனிக்கிக்காரர்கள் எல்லாரும் நல்ல ஸ்லாவியம் பேசுவார்கள், அதனால் நீங்கள்தான் போக வேண்டும் என்று பேரரசர் இவர்களை அனுப்புவதாக வருகிறது. வீட்டுக்குள் ஒரு நெ (அந்தக் கிரேக்க நெ என்ன என்று தெசலோனிக்கி போய்ச் சொல்கிறேன்), வாசல் தாண்டினால் அதற்கு நேர் எதிரான ஒரு நெ, இப்படி வளர்ந்த பிள்ளைகள் சொற்களை உன்னிப்பாகக் கவனிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

அக்டோபர் 25, பஸ்ஸில்

ஸ்ட்ரூமா ஆற்றை ஒட்டித் தெற்கே. குலாட்டா எல்லையில் பஸ் நிற்கவே இல்லை. 2025 ஜனவரி 1 முதல் தரைவழிச் சோதனையை எடுத்துவிட்டார்கள், பழைய சாவடிகள் வெறுமனே நிற்கின்றன. எழுத்து மாறுவதை வைத்துத்தான் நாடு மாறியது தெரிந்தது.

அக்டோபர் 26, தெசலோனிக்கி

இங்கே நெ என்றால் ஆமாம்.

சத்தியமாக. கொஞ்சம் அழுத்தி, லேசாக நீட்டிச் சொல்கிறார்கள், ஆனால் அதே ஓசைதான். முன் சீட்டில் ஒரு பெண் போனில் "நெ, நெ, நெ, நெ" என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு வந்தாள், இந்தி தெரிந்த காதுக்கு யாரோ எதையோ விடாப்பிடியாக மறுப்பதுபோல் இருக்கும், அவள் எல்லாவற்றுக்கும் சம்மதித்துக்கொண்டிருந்தாள். சரி, இல்லை என்றால் என்ன சொல்வார்கள்? 'ஓஹி'. அவசரத்தில் காதில் 'ஓகே' என்று விழுகிறது. ஆமாம் என்பது 'நோ' மாதிரி, இல்லை என்பது 'ஓகே' மாதிரி. இந்த மொழிக்கு நம்மேல் ஏதோ தனிப்பட்ட பகை.

இந்த நெ-யின் பூர்வீகம் வேறு. ஹோமர் காலக் கிரேக்கத்திலேயே, இன்னார்மேல் ஆணை என்று சத்தியம் செய்யும்போது முன்னால் 'நை' என்று ஒரு சொல் வரும், மெய்யாகவே என்ற பொருளில். அந்த ஐகாரம் காலப்போக்கில் எகரமாகத் தேய்ந்து இன்றைய நெ. நம் பக்கத்தில் பேசும்போது 'தலை' தல ஆவதும் 'மலை' மல ஆவதும் போல ஐகாரம் எந்த ஊரிலும் முழுசாக நிற்பதில்லை போலிருக்கிறது. ஸ்லாவியர்களும் இந்திக்காரர்களும் பத்திரமாக வைத்திருக்கும் அந்த மறுப்பு ந-வைக் கிரேக்கர்கள் ஆதியிலேயே கைவிட்டு வேறு சொல்லுக்குப் போய்விட்டார்கள். ஆக, நாங்கள் வந்த வழியில் மூன்று நெ, மூன்றும் வெவ்வேறு சொல், ஓசை ஒத்துப்போனது தற்செயல். சின்னச் சொல்லாக இருந்தால் இப்படி மோதிக்கொள்ளத்தான் செய்யும், ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்தால் எத்தனை வகைதான் கிடைக்கும்? கொரிய மொழியிலும் 'நெ' என்றால் ஆமாம், நாடகம் பார்ப்பவர்களுக்கும் ஶ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

"நம்மகிட்டயும் ஒண்ணு இருக்குடா" என்றார் சித்தி. நன்னூலில் ஓரெழுத்து ஒருமொழி நாற்பத்திரண்டு, 'தபநவில் ஐந்தும்' என்று வரும், நகரத்தில் ஐந்து: நா, நீ, நே, நை, நோ. இதில் நே என்றால் அன்பு. நேயம், நேசம் எல்லாம் நினைவுக்கு வருகிறதில்லையா. பவணந்தி முனிவர் குறிலில் விட்டுவைத்தது நொ, து என்ற இரண்டுதான், அதனால் இங்கே இவர்கள் சொல்லும் குறுகிய நெ நம் கணக்கில் சொல்லே ஆகாது. "அப்போ நாங்க நீட்டிச் சொல்லிக்கறோம்" என்று சித்தி முடிவு செய்துவிட்டார்.

பிறகு புகாட்சா கடை. பெரிய தட்டில் மெல்லிய மாவு அடுக்கு, உள்ளே இனிப்புப் பால் களி, கடைக்காரர் அகலமான கத்தியை இரண்டு கையாலும் பிடித்து டக் டக் டக் என்று கட்டம் கட்டமாக வெட்டி, மேலே சர்க்கரைத் தூளும் பட்டைத் தூளும் தூவித் தள்ளுகிறார். கறி வைத்ததும் உண்டு, பாலாடைக்கட்டி வைத்ததும் உண்டு. சித்தி இனிப்பைக் காட்டி "க்ரேமா?" என்றார். "நெ." "நே?" "நெ, நெ!" அவர் ஆமாம் என்கிறார், இவர் அன்பு என்கிறார், பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. கறி வைத்ததைக் காட்டி, உங்களுக்கு வேண்டுமா என்று அவர் சைகையில் கேட்டதும் சித்தி தாடையைத் தூக்கி 'ட்ஸ்' போட்டார் பாருங்கள், கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

எனக்கு இதுதான் இந்தப் பாதையில் பிடித்த விஷயம். சொல் மூன்று ஊரிலும் மூன்று பக்கம் இழுக்கிறது, தாடை மட்டும் எல்லா எல்லையும் தாண்டி அப்படியே நிற்கிறது. துருக்கி, பல்கேரியா, கிரீஸ் மூவரும் பேசிக்கொண்டால் சண்டை, பேசாமல் இருந்தால் ஒரே குடும்பம்.

அக்டோபர் 28, தெசலோனிக்கி

இன்று ஓஹி தினம். 'இல்லை' என்ற சொல்லுக்கு ஒரு தேசிய விடுமுறை. 1940 அக்டோபர் 28 அதிகாலை மூன்று மணி வாக்கில் இத்தாலியத் தூதர் கிராத்ஸி, கிரேக்கப் பிரதமர் மெதாக்ஸாஸின் வீட்டுக்கே போய் முசோலினியின் இறுதி எச்சரிக்கையைக் கொடுத்தார், எங்கள் படையை உள்ளே விடுங்கள் என்று. மறுத்தார், போர் வந்தது. மெதாக்ஸாஸ் ஓஹி என்று சொன்னதாகத்தான் ஊரே சொல்லும், உண்மையில் பேச்சு நடந்தது பிரெஞ்சில், அவர் சொன்னது 'அப்படியானால் இது போர்தான்' என்ற மாதிரி. அதனால் என்ன, மக்கள் தங்களுக்கு வேண்டிய சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மெதாக்ஸாஸ் சர்வாதிகாரி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், விழா எடுப்பது சொல்லுக்கா ஆளுக்கா என்று இங்கேயே பேச்சு உண்டு. 2015 ஜூலை 5 வாக்கெடுப்பில் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைக்கு 61 சதவீதத்துக்கு மேல் இதே ஓஹிதான் விழுந்தது, ஆனால் சில நாளிலேயே அரசு வேறு நிபந்தனைகளுக்குத் தலையாட்டிவிட்டது.

கடற்கரைச் சாலையில் ராணுவ அணிவகுப்பு. நல்ல கூட்டம், நிற்க இடம் வேண்டுமானால் சீக்கிரம் போய்விடுங்கள். மெட்ரோ இருக்கிறது, 2024 நவம்பர் 30-ல்தான் திறந்தார்கள், தோண்டத் தோண்டப் பழைய ஊர் வந்துகொண்டே இருந்ததால் அவ்வளவு தாமதம். வெனிஸேலு ஸ்டேஷனில் ரோமானியர், பைசாந்தியர் காலத்துக் கடைவீதியை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், அதற்காகவே ஒரு தடவை இறங்கலாம்.

அக்டோபர் 29, தெசலோனிக்கி

தங்கியிருக்கும் விடுதியில் அறை சுத்தம் செய்யும் அம்மா பல்கேரியர், எல்லைக்கு அந்தப் பக்கம்தான் ஊர், பல வருஷமாக இங்கே வேலை. சித்திக்கு விஷயம் கிடைத்துவிட்டது. பாதி இங்கிலீஷ், பாதி போனில் மொழிபெயர்ப்பு, நடுவில் எங்கள் தமிழ். உங்களுக்கு எந்த நெ வாயில் வரும் என்று கேட்டார்.

அந்த அம்மா படுக்கை விரிப்பை மடித்தபடியே சொன்னது இது. வந்த புதிதில் ஊரிலிருக்கும் தன் அம்மாவோடு போனில் பேசும்போது, சாப்பிட்டாயா, பணம் வந்ததா, பேத்தி நன்றாக இருக்கிறாளா என்று அவர் கேட்கக் கேட்க, இவர் பழக்கத்தில் 'நெ, நெ' என்று கிரேக்க ஆமாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அந்தப் பக்கம் கிழவிக்கு ஒன்றும் சரியில்லை என்றே பட்டிருக்கிறது, பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரரை விட்டு மறுபடி போன் போடச் சொல்லிவிட்டாராம்.

இப்போது அவர் பல்கேரிய மொழி பேசும்போது நெ-யைத் தனியாக விடுவதே இல்லை. பின்னால் ஒரு வினையைச் சேர்த்துத்தான் சொல்வாராம்: நெ இஸ்கம், வேண்டாம், நெ மோகா, முடியாது, நெ ஸ்னாம், தெரியாது. தனியாக வந்தால் அது கிரேக்கம், துணையோடு வந்தால் பல்கேரியம். இந்தச் சட்டத்தை அவரே போட்டுக்கொண்டது, மகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாராம். "இவங்க நம்ம ஸ்கூல்ல இலக்கணம் எடுக்கலாம்டா" என்று சித்தி சொன்னதை மொழிபெயர்த்துச் சொன்னேன், அவருக்கு அவ்வளவு சந்தோஷம், இரண்டு துண்டு கூடுதலாக வைத்துவிட்டுப் போனார்.

நாளை காலை ஏதென்ஸ் ரயில். டிக்கெட், விடுதிச் செலவு கணக்கெல்லாம் அங்கே போய் உட்கார்ந்து எழுதுகிறேன்.